இறங்க வேண்டிய ஸ்டாப்பு

இல்ல மேடம், சத்தியமா பஸ்ஸுதான் காரணம். சிரிக்காதீங்க. பரீட்சை செக்‌ஷன்ல உக்காந்து எத்தனை பேரோட பஸ் கதையைக் கேட்டிருப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா? ஜுரம்னு ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வந்திருக்கலாம். எங்க கிளாஸ்ல ரெண்டு பேருக்கு ஒரே டாக்டர், ஒரே வியாதி. எனக்கு அந்தச் சாமர்த்தியம் பத்தல.

உக்காரலாங்களா? தேங்க்ஸ் மேடம். பரவால்ல, நீங்க சீல் போட்டுக்கிட்டே கேளுங்க.

காலையில முதல் ரெண்டு வகுப்புதான் எனக்குப் போச்சு. மத்தியான வகுப்பு எதுல வேணா பாருங்க, நான் இருப்பேன். அந்தக் காலை வகுப்பால அட்டெண்டன்ஸ் குறைஞ்சுபோய், ஹால் டிக்கெட்டை நிறுத்திட்டீங்க. திங்கக்கிழமை பரீட்சை. எழுதலன்னா ஒரு வருஷம் அம்போ. கடைசி வருஷம் மேடம், ஒரு இடத்துல வேலைகூடச் சொல்லி வச்சிருக்காங்க. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமப் போயிடுமோன்னு பயமா இருக்கு. அதான் வெக்கத்தை விட்டு வந்திருக்கேன்.

கார் இல்லாம இந்த ஊர்ல படிக்கிறது இருக்கே, அது தனிப் படிப்பு மேடம். அதுக்கு ஒரு பட்டம் குடுத்தா நான்தான் முதல் ராங்க். நடைபாதைன்னு ஒண்ணு எங்க வீட்டுப் பக்கம் ஆரம்பிக்கும், ஒரு கடை வாசல்ல போய் முடிஞ்சிடும். அப்புறம் லாரிக்கும் சாக்கடைக்கும் நடுவுலதான் நம்ம பாதை. மழை பெஞ்சா ஷூ காலுல இருக்காது, கையில இருக்கும். ஸ்டாப்புல நின்னா, காலியா வர்ற பஸ் நிக்காது, நிக்கிற பஸ்ஸுல கால் வைக்க எடமிருக்காது. ஒரு தடவை சைக்கிள்கூட வாங்கினேன். ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல பூட்டிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தா பூட்டு மட்டும் பத்திரமா இருக்கு.

ரயிலா? இருக்கு மேடம், ஒத்துக்கறேன். ரயில்ல வந்தா மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே வந்துடலாம். ஆனா நான் அதுல வர முடியாது. பஸ்லதான் வந்தாகணும்.

ஓ, கார்க்காரனும் இங்க வந்து சொல்லிட்டானா? அவன் நல்லவன் மேடம். எங்க கிளாஸ்ல கார் வச்சிருக்கிறவன் அவன் ஒருத்தன்தான், அதனால அதுவே பேரா நிலைச்சிடுச்சு. எங்க தெருமுனை வழியாத்தான் வருவான். வாடா, ஓசி சவாரின்னு தினம் கூப்பிட்டான். நான் மாட்டேன்னுட்டேன். ரொம்ப ரோஷக்காரன் போலன்னு நெனச்சுட்டான். இப்போ கூப்பிடறதில்ல, பார்த்தா ஹார்ன் மட்டும் அடிச்சுட்டுப் போறான். எனக்கு என்ன மேடம் ரோஷம்? ஓசியில வர யாருக்குக் கசக்கும்?

வாட்ச்மேன் அண்ணன் சொன்னதா? அடக்கடவுளே, அதுவும் வந்துடுச்சா. ஆமா, அவரு பார்த்தது நிஜம்தான். நம்ம காலேஜ் கேட்டு ஸ்டாப்புல பஸ் நின்னுச்சு. வகுப்புக்கு இன்னும் நேரம் இருந்துச்சு. பசங்க மொத்தமும் இறங்கிட்டாங்க, நான் மட்டும் இறங்கல. ஒரு நாள் இல்ல, தினமும்தான். தூங்கிடல மேடம், முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். பொண்ணு விவகாரமா? ஐயோ, அப்படி ஏதாவது இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!

அந்த பஸ் இங்கேர்ந்து கடைசி ஸ்டாப்பான டிப்போ வரைக்கும் போகும். திரும்பி எங்க வீட்டுப் பக்கம் போகும். மறுபடி இங்க வரும். ரெண்டாவது தடவை வரும்போதுதான் நான் இறங்குவேன். மொதல் தடவை நிக்கும்போது எங்க வகுப்பு ஜன்னல் தெரியும். இப்போ உள்ள என் பேரைக் கூப்பிடுவாங்க, யாரும் பதில் சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சுக்குவேன். அழுகை அழுகையா வரும். பஸ் கிளம்பிடும்.

ஏன்னு மட்டும் கேக்காதீங்க மேடம். நீங்க திட்டுங்க, வாங்கிக்கறேன்.

என்னது... சீல் போட்டுட்டீங்களா? என் ஹால் டிக்கெட்டுக்கா? மேடம்! நீங்க நல்லா இருக்கணும். நீங்க கோவக்காரங்கன்னு வெளியில என்னென்னமோ சொல்லி அனுப்பினாங்க. இனிமே ஒழுங்கா இருக்கேன், நிச்சயமா.

போறேன் மேடம். போகணும். ஒரே ஒரு நிமிஷம். தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க காலையில எப்படி வர்றீங்க?

அதே பஸ்ஸா? மார்க்கெட்ல ஏறுவீங்களா? அதான் என்னை எங்கயோ பார்த்த மாதிரி இருக்குன்னீங்க. ரெண்டாவது ட்ரிப்புல நாம ஒண்ணாத்தான் இறங்குறோம் போல. ஆமா, அந்த டிரைவர்தான். அலுங்காம குலுங்காம ஓட்டுவாரு, நிதானமான மனுஷன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நிதானமான மனுஷன்தான் மேடம். எங்கப்பா.

சர்க்கரை. ஒரு கண்ணு போன மாதிரிதான், இன்னொண்ணு மங்கல். முன்னாடி போற வண்டி தெரியும், ஆள் தெரியும். சிக்னல்ல எந்த விளக்கு எரியுதுன்னு தெரியாது. டிப்போவுல கண் டெஸ்ட் வச்சாங்க, போர்டுல இருந்த எழுத்தை மனப்பாடம் பண்ணிட்டுப் போய் ஒப்பிச்சிட்டாரு. உண்மையைச் சொல்லிடுங்கப்பான்னு கால்ல விழாத குறையாக் கெஞ்சிட்டேன். நீ படிச்சு முடிச்சு வேலைக்குப் போற அன்னைக்கு நான் ஸ்டியரிங்கை விட்டுடறேண்டாங்கிறாரு. வீட்டுல அவரு சம்பளம் ஒண்ணுதான். நானே போய்ச் சொல்லவா? பெத்தவரை நானே காட்டிக் குடுக்கவா? சொல்லாம இருந்தா ஒரு பஸ் ஜனம் மேடம், குழந்தை குட்டியோட. எனக்கு ஒண்ணும் புரியல. அதான் ரெண்டு ட்ரிப்பும் கூடவே இருந்து பார்த்துக்குவேன். ரெண்டாவது தடவை நம்ம கேட்டு தாண்டினா டிப்போ வரைக்கும் நேர் ரோடு, அத்தோட அவருக்கு டியூட்டி முடிஞ்சிடும்.

ஆனா திங்கக்கிழமை நான் மொதல் ட்ரிப்புலயே இறங்கிடணுமே. திரும்பிப் போற வழிக்கு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. மார்க்கெட்லேர்ந்து நீங்க இருக்கீங்க. டிரைவருக்குப் பின்னாடி சீட்டுல உக்காந்துக்கோங்க மேடம், அந்த நேரம் காலியாத்தான் இருக்கும். பேசவே வேண்டாம். சிவப்பு விழுந்தா நான் பண்ற மாதிரி ஒரு தடவை இருமுங்க. பச்சைன்னா ரெண்டு தடவை. அவரு புரிஞ்சுக்குவாரு. மத்தவங்க ஜலதோஷம்னு நெனச்சுக்குவாங்க.