சீர்த்துணி

…வேண்டாமுங்க ஜோஸ் சார், நான் சோபாவுல உக்காரலீங்க, இந்த நாற்காலியே போதும். மேல விரிச்சிருக்கற துணி கசங்கிப்போயிருமுங்க. துணிய விரிச்சு உக்காந்ததெல்லாம் போயி, துணிக்குப் பயந்து எந்திரிச்சு நிக்கற காலமாப் போச்சுங்க. என்ற மருமக பிரவீனா அப்படிப் பழக்கிப்போட்டா. ஊடுகளுக்கு உள் அலங்காரம் பண்ணிக் குடுக்கறதுதானுங்க அவ தொழிலு. இப்ப ஊரூரு கைத்துணிதான் பேஷனாமா. மொராக்கோவுலருந்து ஒரு கம்பளம் வந்துதுங்க. மிதியடின்னு நெனச்சு காலைத் தொடச்சுப்போட்டேன்... அதுக்கப்புறம் ஒரு வாரம் எங்கூடப் பேச்சே இல்லீங்க. ஜப்பான்காரன் ஒட்டுப்போட்ட துணிக்குக் கண்ணாடி பிரேமு. அட, நம்ம பவானி ஜமக்காளத்தையே செவுத்துல மாட்டிப்போட்டா. கிணத்துக்கடவுலருந்து வந்த எங்க மச்சான், எங்க உக்காரறதுன்னு அண்ணாந்து பாத்துட்டு நின்னாரு.

காப்பி எதுக்குங்க டெய்சி அம்மிணி... சரி, சக்கரை கம்மியா. எங்க உட்டேன்... ஆங், அப்புறம் உஸ்பெகிஸ்தான் துணி. அந்த ஊருப் பொம்பளைங்க கல்யாணச் சீருக்குக் கையால பூப்போட்டுத் தெச்ச துணியாமா. எங்க ஊட்டு நடுச்செவுத்துக்கே அதுதானுங்க அழகு. நாளைக்குக் காத்தால பத்திரிகைக்காரங்க படம் புடிக்க வாராங்க. "மாமா, நீங்க எதையும் தொடாதீங்க"ன்னு சொல்லிப்போட்டு டெல்லி போனவ, இன்னைக்குப் பொழுதோட வந்துருவா. வந்து பாத்தா வெறும் ஆணிதானுங்க இருக்கும்.

நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணலீங்க. ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிஞ்சு எங்க ஊட்டுக்கு வந்தவங்க, அந்தத் துணி நல்லாருக்குதுன்னீங்க. நல்லாருக்குதுன்னா எடுத்துக்குங்கன்னு சொல்லோணும், அது எங்க பக்கத்துப் பேச்சுங்க. நீங்க வேண்டாமுங்கன்னு சொல்லோணும். நான் மறுக்காவும் எடுத்துக்குங்கன்னுவேன், நீங்க மறுக்காவும் வேண்டாமுன்னுவீங்க. கடைசில துணி செவுத்துலயே இருக்கும், ரெண்டு பேருக்கும் மனசு நெறஞ்சுபோகும். நீங்க தூத்துக்குடிக்காரரு... எடுத்த எடுப்புலயே ரொம்ப நன்றின்னுட்டீங்க. அப்புறம் நாந்தானுங்க ஏணி போட்டு எறக்கி, மடிச்சும் குடுத்தேன். உங்க சோபாவுல அம்சமாத்தான் இருக்குது, இல்லீங்கல.

ஏனுங்க சார், எதுக்கு எந்திரிக்கறீங்க? மடிக்காதீங்க... அட, பையில எல்லாம் போட்டுக் குடுக்காதீங்க. நான் அதுக்காவா வந்தேன்? பக்கத்து ஊடாச்சே, சித்த நேரம் பேசிப்போட்டுப் போலாமுன்னு வந்தனுங்க. குடுத்தது குடுத்ததுதானுங்க. நீங்களே வச்சுக்குங்க. அட, நாஞ்சொல்றனுங்க, வச்சுக்குங்க...

ஏனுங்க... மறுபடியும் சோபாவுலயே விரிச்சுப்போட்டீங்க?