டம்மி மாப்பிள்ளை

வடக்கனந்தலிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வரும் காலைப் பேருந்தில், எனக்கு முன் சீட்டில் எம்.பி.ஏ. படிக்கும் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரத்தில் இருந்தவள் சொன்னாள்:

“எனக்கு டம்மி மாப்ளதான்டி வந்துருக்கான்.”

“இன்னாடி சொல்ற?” என்றாள் தோழி.

“வூட்ல பொண்ணுங்க மூணு பேரு, வந்த வரன் ரெண்டு. யாருக்கு யாருன்னு அம்மாவும் அப்பாவும் சண்ட போட்டுக்கினு இருந்தாங்க. காலேஜ்ல ஆளுக்கொரு வேலைன்னு பிரிப்போமே, அந்த அசைன்மென்ட் கணக்க நான் போட்டேன்.”

“ஒரு ஆளு கம்மியாச்சே?”

“அதான், சார் சொல்லிக்குடுத்த மாதிரி, இல்லாத ஆளு ஒருத்தன டம்மின்னு சேத்துக்கினேன். அக்காவுக்கு வாத்தியாரு, தங்கச்சிக்கு ரைஸ்மில்காரரு, எனக்கு டம்மி.”

“அய்யோ, அழுதியா?”

“இன்னாத்துக்கு? படிப்ப முடிச்சிடலாம்னு சந்தோசமா இருந்துச்சு.”

“அம்மா இன்னா சொன்னாங்க?”

“அந்தப் பையன் எந்த ஊருன்னு கேட்டாங்க.”

“நீ?”

“வாய்ல வந்தது, உளுந்தூர்பேட்டைன்னு சொல்லிட்டேன்.” அவள் குரல் இறங்கியது. “ஞாயித்துக்கெழம மாப்ள வூடு பாக்கப் போறாங்கடி. அப்பா வேன் சொல்லிட்டாரு.”