சிவப்புத் துணி கட்டிய கம்பு

எங்கள் கடையில் ஆணியை எண்ணி விற்பதில்லை, எடை போட்டுத்தான் கொடுப்போம். தராசு முள் நடுவில் வந்து நிற்காமல் நான் தட்டை எடுத்ததில்லை. திருச்செந்தூர் ரோட்டில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் சார், காசிலிங்கம் அண்ணாச்சி ஒரு ஆணி குறைத்தார் என்று சொல்லமாட்டார்கள். அதனால்தான் டிரெயில் ரன் என்று காடுமேட்டில் ஓட்டப்பந்தயம் நடத்துகிறவர்கள் பரிசு விஷயத்தை என் தலையில் கட்டினார்கள். தேரிச் செம்மணல், பனங்காடு, கடற்கரை என்று ஐந்து ஞாயிற்றுக்கிழமை, ஐந்து ஓட்டம். ஐந்திலும் சேர்த்து அதிகப் புள்ளி வாங்குகிற பெண்ணுக்கு ஒரு லட்சம். யாருக்கு என்று கையெழுத்துப் போடுவது நான்.

முதல் நான்கையும் முத்துமாரி ஜெயித்தாள். கீழவைப்பார்ப் பக்கம் உப்பளத்தில் உப்பு வாருகிற பெண். ஷூ கிடையாது, வாட்ச் கிடையாது, வெறுங்கால். நான்கிலும் இரண்டாவதாக வந்தது என் அக்கா மகள் அனுசியா. கோச் வைத்துப் பழகியவள். அவளுடைய ஷூவே பதினாலாயிரம், நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அவள் என் அக்கா மகள் என்பதற்காக நான் எதையும் செய்யவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஓட்டத்தில் முத்துமாரி பதினொரு நிமிடம் முன்னால் வந்து நின்றாள். முழங்கால்வரை சேறு. எங்கேயோ குறுக்கே புகுந்து வந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதே பொறி தட்டியது. சேறு எப்படி என்று கேட்டேன்.

"காலையில பாத்தியில எறங்கிட்டுத்தான் வாரேன் அண்ணாச்சி. லீவு போட்டா கூலி போயிருமே."

பொய் சொல்லுகிறவர்கள்தான் அப்படிச் சட்டென்று பதில் வைத்திருப்பார்கள். நான்காவதையும் ஜெயித்த மறுநாள் கடைக்கே வந்துவிட்டாள்.

"எட்டுத் தகர ஷீட்டு எடுத்து வச்சிருங்க அண்ணாச்சி. பரிசு கெடச்சதும் கூர போடணும். மழ பேஞ்சா எங்கம்மா மூலையிலயே குத்தவச்சிருக்கா."

இன்னும் ஓடாத ஓட்டத்துக்குத் தகரம். எவ்வளவு நம்பிக்கை பாருங்கள். ஆனாலும் விலையில் ஒரு ரூபாய் நான் கூட்டிச் சொல்லவில்லை.

கடைசி ஓட்டம் உப்பளத்து வரப்பில். வரப்பைச் சுற்றிப் போனால் இரண்டு கிலோமீட்டர். நடுவே இருக்கிற ஓடையில் இறங்கிக் கடந்தால் நாற்பதே எட்டு வைத்தால் போதும், முழங்கால் தண்ணீர்தான். அதில் மண் அள்ளிய பள்ளம் ஒன்று மட்டும் ஆள் ஆழம், அடியெல்லாம் களிமண். அங்கே எச்சரிக்கைக்காகச் சிவப்புத் துணி கட்டிய கம்பு ஒன்றை நட்டிருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அதை நான் பிடுங்கிப் போட்டேன்.

யோசித்துப் பாருங்கள். பாதையில் ஓடுகிறவளுக்குக் கம்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. குறுக்கே போகிறவளைத்தான் அது பாதிக்கும். இதைவிட நியாயமாக ஒரு சோதனை வைக்க முடியாது. நேற்று உங்கள் ஏட்டையா கேட்டார், "உப்பளத்துலயே கெடக்குத பிள்ளைக்கு அந்தப் பள்ளம் தெரியாதாவே?" என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஓட்டத்தன்று உப்பு அம்பாரத்தின் மேல் நின்று ஃபோனில் வீடியோ எடுத்தேன். எல்லாருக்கும் ஒரே ஆரஞ்சு பனியன், அவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது. ஒருத்தி வரப்பை விட்டு ஓடையில் இறங்கினாள். மாட்டிக்கொண்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். இடுப்புவரை போனாள், கழுத்துவரை போனாள், கையை ஆட்டினாள். நான் அசையவில்லை. வீடியோ பாதியில் அறுந்தால் ஆதாரம் நிற்காது.

அப்போது வரப்பில் ஓடிக்கொண்டிருந்த இன்னொருத்தி நின்றாள். நின்றவள் அப்படியே ஓடைக்குள் பாய்ந்தாள். நம் அனுசியாவுக்குத்தான் அப்படி இளகின மனசு என்று நினைத்தேன். பதறிப்போய் இறங்கி ஓடினேன். ஃபோன் கையில் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

போய்ப் பார்த்தால் கரையில் கிடந்து இருமுகிறவள் அனுசியா. களியில் கால் புதைந்து, முகத்தை மட்டும் தண்ணீருக்கு மேலே வைத்திருந்தவள் முத்துமாரி.

"அண்ணாச்சி, கயிறு," என்றாள்.

முடிவுக்கோட்டில் கட்டக் கொண்டுவந்த கயிறு என் தோளில்தான் கிடந்தது. ஆனால் எனக்கு ஒரு விஷயம் பிடிபடவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் கை வரவில்லை.

"ஏளா அனுசியா, மொதல்ல எறங்குனது யாரு?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. மறுபடி கேட்டேன்.

"நாந்தான் மாமா. அவ என்னயத் தள்ளி ஏத்திவிட்டுட்டு... கயிறப் போடுங்க மாமா, ஒங்க கால்ல விழுதேன்."

நீயா என்று இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். திரும்பிப் பார்த்தபோது தண்ணீருக்கு மேலே ஒன்றும் இல்லை. கம்பைப் பிடுங்கியது நான், கயிற்றைப் போடாமல் நின்றதும் நான். இரண்டையும் ஒத்துக்கொள்கிறேன்.

பரிசில் நான் ஓரவஞ்சனை செய்யவில்லை. அனுசியாவின் பெயரை என் கையாலேயே அடித்தேன். முத்துமாரியின் பெயரையும்தான். பாதையை விட்டு இறங்கினால் யாராக இருந்தாலும் நீக்கம், அதுதான் விதி. மூன்றாவது இடத்தில் இருந்த நாசரேத் ஊர்ப் பெண் டெல்பினுக்குக் கொடுத்துவிட்டேன். முத்துமாரியின் அம்மா கடைக்கு வந்து, நான் எடுத்து வைத்திருந்த அந்த எட்டுத் தகரத்தையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பாவம்தான். அசல் விலைக்கே எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

சந்தேகப் பிராணி என்று ஊரே என்னைப் பேசுகிறது. ஃபோன் உங்கள் மேசையில்தான் இருக்கிறது, வீடியோவைக் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள் சார். முத்துமாரி பாதையில் இல்லை, ஓடைக்குள்தான் இருக்கிறாள். நான் சந்தேகப்பட்டது சரிதானே.