கடல் உள்வாங்கிய நாளில் கேட்ட கேள்வி

என்னை எழுப்பிப் பேசச் சொல்லி நடுநாயகமாக வீற்றிருக்கும் ஊர்த்தலைவர் ந்டாபேனி அவர்களே! மாட்டுப்பட்டிச் சுவரில் சாய்ந்து இடம்பிடித்திருக்கும் பெரியவர்களே! தோளில் போர்த்திய போர்வைகளால் முன்வரிசையை வண்ணமயமாக்கியிருக்கும் தாய்மார்களே! நெடுந்தூரம் கடந்து இரண்டாம் முறையாக வந்திருக்கும் எரிவாயு நிறுவன அதிகாரி அவர்களே! அவர் காலடியில் படுத்திருக்கும் நம் ஊர் நாய்களே! (சிரிக்காதீர்கள். சென்ற கூட்டத்துக்கு இவையும் வந்திருந்தன. நம் தாய்மார்கள்தான் வரவில்லை.) அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நாற்பத்தோர் ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். பிள்ளைகளின் பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டவன். இன்று என்னைச் சுற்றி நானே ஒரு சிவப்பு வட்டம் போட வந்திருக்கிறேன்.

சென்ற மாதம் முழுநிலவுக்கு மறுநாள் இதே இடத்தில் கூட்டம் நடந்தது. கடலுக்கு அடியில் எரிவாயு இருக்கிறதா என்று தேட ஒரு கப்பல் வரும், பத்து நொடிக்கு ஒருமுறை நீருக்குள் வெடியோசை எழுப்பும், ஐந்து மாதம் இரவும் பகலும் எழுப்பும் என்றார் அதிகாரி. வீட்டுக்கு ஒரு மூட்டை சோளமாவும், ஊருக்கு வேலையும் தருவதாகச் சொன்னார். ஊரைக் கேட்காமல் கப்பல் வரக்கூடாது என்பது விதி. ஆகவே கேட்க வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் தேதி குறித்தபோது நாட்காட்டியைப் பார்த்தார், நிலவைப் பார்க்கவில்லை.

முழுநிலவுக்கு மறுநாள் நம் பெண்கள் எங்கே இருப்பார்கள்? (ஆம் அம்மா, இன்னும் உரக்கச் சொல்லுங்கள்!) பாறையில்! கடல் வெகுதூரம் உள்வாங்கும் அந்த மூன்று மணி நேரத்தில், கையில் இரும்புப் பட்டையும் இடுப்பில் சாக்குமாக, ஒட்டியிருக்கும் மட்டிச் சிப்பிகளைப் பெயர்த்துக்கொண்டிருப்பார்கள். கட்டைவிரல் நீளம் வளராத மட்டியைத் தொடாமல் விட்டு வருவார்கள். நம் குழம்பு அந்தப் பாறையில்தான் விளைகிறது.

அந்த நேரத்தில்தான் இங்கே அதிகாரி கேட்டார்: "எதிர்ப்பு உண்டா?" அதை நம் மொழியில் சொன்னவன் நான். ஆண்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். ஏன்? நம் வழக்கம் அது. பாறையின் பேச்சு பெண்களுடையது. பொருளுக்கு உரியவர் இல்லாத சபையில் வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்துக்கு, "உரியவர் வரட்டும்" என்று பொருள். குழந்தைக்கும் தெரியும்.

அதிகாரிக்குத் தெரியுமா? என்னிடம் திரும்பி, "என்ன சொல்கிறார்கள்?" என்றார். நான், "ஒன்றும் சொல்லவில்லை" என்றேன். அவர் தாளில் எழுதிக்கொண்டார்: எதிர்ப்பு இல்லை.

நான் பொய் சொன்னேனா? இல்லை. உண்மை சொன்னேனா? அதுவும் இல்லை! பாதி மொழிபெயர்த்தேன் ஐயா, பாதி! வார்த்தைகளை மொழிபெயர்த்தவன் மௌனத்தை மொழிபெயர்க்க மறந்தேன்.

மாலையில் ஈரப்பாவாடையும் மட்டிச் சாக்குமாக நோசூக்கோ என் வாசலில் வந்து நின்றாள். என்னிடம் படித்தவள், இன்று மூன்று பிள்ளைகளுக்குத் தாய்.

"வாத்தியாரே, கூட்டத்துல என்ன ஆச்சு?"

சொன்னேன். சாக்கைத் தொப்பென்று போட்டாள்.

"ஆறாம் வகுப்புல எங்களை ஆத்துக்குக் கூட்டிட்டுப் போய்க் காதைத் தண்ணிக்குள்ள முக்கச் சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா? எதிர்க்கரையில நின்னு தண்ணிக்குள்ள ரெண்டு கல்லைத் தட்டினீங்க. மண்டைக்குள்ள இடிச்ச மாதிரி இருந்துச்சுன்னு நான் அலறிக்கிட்டு எந்திரிச்சேன். தண்ணிக்குள்ள சத்தம் வேகமாப் போகும்னு எழுதிப் போட்டீங்க. பரிட்சையில அதைக் கேட்டு எனக்கு மார்க்கும் குடுத்தீங்க!"

"ஆமாம்மா, கொடுத்தேன்…"

"அப்ப நீங்க ஃபெயிலு வாத்தியாரே! ரெண்டு கல்லுக்கே நான் அலறினேன். அஞ்சு மாசம் வெடிச்சா மீனு என்ன பண்ணும்? எந்திரிச்சு கரைக்கு ஓடி வருமா?"

(சிரியுங்கள், சிரியுங்கள். அன்று என்னால் சிரிக்க முடியவில்லை.)

"மாவு மூட்டை தருகிறார்களாம்" என்றேன், தோற்றவன் குரலில்.

"மூட்டை தீந்தா யாரைக் கேக்குறது? பாறை என்னைக்காவது நம்மளை வரிசையில நிக்க வச்சிருக்கா?"

பெரியோர்களே! மூன்று ஆண்டுகளாக மழை பிந்துகிறது. சோளம் கதிர்பிடிக்கும் முன்பே கருகுகிறது. எங்கோ தோண்டினார்கள், எங்கோ எரித்தார்கள், வானம் சூடேறியது, வாடியது நம் வயல்! வயல் வாடிய ஆண்டில் நம்மை வாழவைத்தது எது? அந்தக் கடல்! இப்போது மேலும் தோண்ட, மேலும் எரிக்க, அந்தக் கடலையும் கேட்கிறார்கள். வயலைக் காயவைத்து, கடலைக் கலைத்து, கடைசியில் கையில் ஒரு மூட்டை தந்தால் அதற்குப் பெயர் உணவா?

என்ன சோலா, கை தூக்குகிறாய்? "வேலை குடுக்குறோம்னாங்களே வாத்தியாரே"… நியாயமான கேள்வி. உன் மகன்கள் இருவரும் வேலை தேடித் தொலைவில் கிடக்கிறார்கள், எனக்குத் தெரியும். அதனால்தான் நானே அதிகாரியிடம் கேட்டேன். கப்பல் நம் கரைக்கே வராதாம், அடிவானத்திலேயே நிற்குமாம். வேலை அடிவானத்தில் நிற்கும் சோலா. ஓசை மட்டும்தான் கரைக்கு வரும்.

அதிகாரி அவர்களே! (இதை உங்கள் மொழியிலேயே சொல்கிறேன்.) உங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. தவறு என்னுடையது என்று கடிதம் எழுதினேன்; மறுபடி வந்தீர்கள், நன்றி. இம்முறை நாளைக் குறித்தது நோசூக்கோ. சற்றுத் திரும்பிக் கடலைப் பாருங்கள். நீர் ஏறி நிற்கிறது. பாறை மூழ்கிக் கிடக்கிறது. பாறைக்கு உரியவர்கள் இங்கே இருக்கிறார்கள்!

பழைய தாளை மடித்து வைத்துவிட்டுப் புதிய தாளை எடுங்கள். அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். எங்கள் உணவைத் தொடுமுன் எங்களைக் கேட்பது நீங்கள் செய்யும் உபகாரம் அல்ல, எங்கள் உரிமை. வரும் விடையைச் சொல்லுக்குச் சொல் உங்களிடம் சேர்ப்பேன்.

பொறு நோசூக்கோ, அவர் இன்னும் கேட்கவே இல்லை! சரி, எழுந்துவிட்டாய். உன் பின்னால் முன்வரிசை முழுவதும் எழுந்துவிட்டது. போர்வைகள் எல்லாம் எழுந்துவிட்டன. ஐயா, பேனாவைத் திறந்துகொள்ளுங்கள்.

பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும், என்னைத் தோற்கடித்துத் திருத்திய என் மாணவிக்கும் நன்றி. வணக்கம் சொல்லி அமர்கிறேன், தாய்மார்கள் பேசட்டும்.