எத்தனை மொழியில் எத்தனை பாப்பா

விளக்கொளியில் விழிகளைப் படித்த வித்தகரே! கலங்கி வந்த கண்களைக் கனிவால் கட்டிப்போட்ட கண் பரிசோதனைப் பிரிவின் மூத்தவரே! வரிசையில் காத்திருந்தோரெல்லாம் வாய் நிறைய ‘என்ன சொல்வீங்க அக்கா’ என்று அழைத்து மகிழ்ந்த எங்கள் அன்பு அக்காவே! இருபத்தொன்பது ஆண்டுப் பணியை இன்று நிறைவு செய்யும் தங்கள் முன் நின்று, இந்த மடலை வாசிக்கிறோம்.

அந்தப் பெயர் வந்த கதையைப் பிற பிரிவுகளிலிருந்து வந்திருப்போருக்காகச் சொல்லிவிடுகிறோம். சொட்டு மருந்தைக் கண்டதும் இமையை இறுக்கிக்கொள்வோரை நாங்கள் அதட்டுவோம், கெஞ்சுவோம். தாங்களோ, கண்ணின் நடுவிலுள்ள கருவட்டத்தைக் கைக்கண்ணாடியில் காட்டி, “நாங்க இதைப் பாப்பான்னு சொல்வோம். உங்க பாஷையில என்ன சொல்வீங்க?” என்று கேட்பீர்கள். யோசிக்கிற மனிதர் பயப்பட மறந்துவிடுவார். அதற்குள் மருந்து உள்ளே போயிருக்கும்.

பதில்கள்தான் தங்களைப் பாடாய்ப் படுத்தின. ஸ்பானியம் பேசும் சமையல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் ஊரில் பாப்பா என்றால் உருளைக்கிழங்காம். சுவாஹிலி பேசும் கப்பல்காரர், “எங்க கடல்ல பாப்பா கடிக்கும்” என்றார். அவருக்கு அது சுறாமீன். ரஷ்ய மொழி பேசும் கொத்தனாருக்கு அது அப்பா. ஒரே ஒலி, ஓரிடத்தில் பெற்றவராகவும் ஓரிடத்தில் பிள்ளையாகவும் ஓரிடத்தில் குழம்பில் போடும் கிழங்காகவும் எப்படி ஆனது என்று தாங்கள் விடவில்லை. தேநீர் இடைவேளையெல்லாம் அகராதிகளோடு கழிந்தது. கிழங்கு, கெச்சுவா என்னும் தென்னமெரிக்க மலைநாட்டு மொழியிலிருந்து ஸ்பானியத்துக்குள் வந்தது என்றும், அப்பாவும் நம் பாப்பாவும் மழலை உதடுகளில் தனித்தனியே பிறந்திருக்கலாம் என்றும், சுறாவுக்கும் இவர்களுக்கும் உறவிருப்பதாகத் தெரியவில்லை என்றும் கண்டுவந்து சொன்னீர்கள். “ஒரே ஜாடையா இருந்தா சொந்தக்காரங்க ஆயிடுவாங்களா?” என்று எங்களையே மடக்கினீர்கள்.

பெரிய வியப்பு பிறகுதான் வந்தது. அந்தக் கருவட்டத்துக்கு இலத்தீனில் வழங்கிய சொல்லுக்குச் சிறுமி, பொம்மை என்று பொருள். கிரேக்கத்திலும் சிறுமி. பாரசீகத்தில் குட்டி மனிதன். நம்மிடம் பாப்பா, பாவை. ஒலியில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உள்ளே இருப்பது மட்டும் ஒரே சின்ன உருவம். ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கினார்களா, ஒவ்வொருவரும் தாமே கண்டார்களா என்ற கேள்விக்கு இன்றுவரை தங்களிடம் முழு விடை இல்லை. ஆனால் காரணத்தைக் கண்முன் காட்டினீர்கள். எங்களை ஜோடி ஜோடியாக உட்காரவைத்து, எதிரில் இருப்பவர் கண்ணை நெருங்கிப் பார்க்கச் சொன்னீர்கள். பார்க்கிறவரின் உருவமே அங்கே பொம்மையளவில் நின்றது. தலைமை மருத்துவர், செவிலியரின் கண்ணுக்குள் தம் வழுக்கையைக் கண்டு திகைத்ததை இந்த அவை மறக்காது.

சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் மடலில் எழுதக் கூடாத ஒன்றை இனி எழுதுகிறோம். எல்லார் கண்ணையும் பார்த்த தாங்கள், தங்கள் கண்ணை யாருக்கும் காட்டவில்லை. சென்ற மாதம், நோயாளியின் சீட்டைத் தாங்கள் இடக்கண்ணருகே பிடித்துப் படிப்பதைக் கண்ணாடிப் பிரிவு ஊழியர் கவனித்து மருத்துவரிடம் சொன்னார். அவர் வற்புறுத்தி உட்காரவைத்துப் பார்த்தபோது, வலக்கண்ணில் புரை முற்றியிருந்தது. “இனியும் தள்ளிப்போட்டா ஆபரேஷன் சிக்கலாயிடும், அக்கா” என்றார் மருத்துவர். “ரிட்டயர் ஆனதும் பார்த்துக்கலாம்” என்று நழுவினீர்கள். செவிலியரிடம் மட்டும் உண்மையைச் சொன்னீர்கள்: “கட்டைப் பிரிக்கிறப்போ ஒண்ணுமே தெரியலன்னா? எனக்குப் பயமா இருக்கு.” ஞாயிற்றுக்கிழமையே மகள் ஊருக்குக் கிளம்புகிறீர்கள் என்று கேள்விப்பட்டோம். போனால் இதற்காகத் திரும்பி வர மாட்டீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

ஆகவே மடலுக்குரிய ‘தாங்களை’ இங்கே கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிறோம், அக்கா. நேற்று நீங்கள் ஒவ்வொருவரிடமும் விடைபெற்றபோது, விளையாட்டுப் போல உங்கள் முகத்தருகே குனிந்தோமே, அது விளையாட்டில்லை. இடக்கண்ணில் நாங்கள் இருந்தோம். வலக்கண்ணில் வெண்மைதான் இருந்தது, எங்களைக் காணோம். எங்களுக்கு மனசு கேட்கவில்லை. உங்கள் மகளை அழைத்துப் பேசிவிட்டோம். கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், திரும்பிப் பாருங்கள். திங்கட்கிழமை காலை ஆபரேஷன் வரிசையில் முதல் நாற்காலி உங்களுக்கு. பயமாக இருந்தால் பிடித்துக்கொள்ள எங்கள் கைகள் இருக்கின்றன.

நலம் குன்றாமல் நெடுங்காலம் வாழ்ந்து, இன்னும் கேட்காத மொழிக்காரர்களை எல்லாம் வழிமறித்துக் கேட்டுத் தெரிந்துகொள்ள வாழ்த்துகிறோம். சபையில் இப்படிப் போட்டு உடைத்ததற்கு உங்களுக்குக் கோபம் வரும். திங்கட்கிழமை வந்து திட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வலக்கண்ணிலும் தெரியக் காத்திருக்கும்
கண் பரிசோதனைப் பிரிவு ஊழியர்கள்