அரிசித் தட்டில் நின்ற விரல்

எந்த எழுத்தில் நின்றது? என் மகளின் விரல் அன்று அரிசியில் எந்த எழுத்தில் நின்றது? ஆறாவது வருடமாகக் கேட்கிறேன். இன்னும் தெரியாது.

ஓடிக்கொண்டிருக்கிறோம். காலில் செருப்பில்லை. மகள் என் இடுப்பில். அவளுடைய வலது கைக்குள் அரிசி. மூடிய கையை அவள் திறக்கவில்லை. பின்னால் அண்ணா கத்துகிறார்.

"படு! படு! நிலத்திலை படு!"

படுக்கிறேன். பிள்ளை எனக்குக் கீழே. முதலில் ஏவும் சத்தம் வரும். தூரத்தில் யாரோ பெரிய மரப்பெட்டியைக் கீழே போட்டது போல. பிறகு எண்ண வேண்டும். பதினேழு. பதினெட்டு. பத்தொன்பது. அதன் பிறகுதான் விழும் சத்தம். அது காதில் கேட்டால் அந்த ஷெல் நமக்கானதல்ல.

1999. விஜயதசமி. காலை எட்டு மணி தாண்டியிருந்தது. முல்லைத்தீவுப் பக்கம். இடம்பெயர்ந்து போய் இருந்த ஓலைக் கொட்டில். என் மகள் தர்சிகாவுக்கு மூன்று வயது. அன்று அவளுக்கு ஏடு தொடக்கினோம். பிள்ளையை மடியில் இருத்தி, தட்டில் பரப்பிய அரிசியில் விரல் பிடித்து முதல் எழுத்துகளை எழுதுவிப்பது எங்கள் வழக்கம். என் அண்ணா பாடசாலை ஆசிரியர். மடி அவருடையது. பக்கத்து வளவு வீட்டிலிருந்து சரசு அக்காவும் அவருடைய மூத்த மகளும் பார்க்க வந்திருந்தார்கள்.

நான் கற்கண்டு எடுக்கக் குசினிக்குள் போனேன். அண்ணாவின் குரல் கேட்டது. "அ." பிறகு, "ஆ." கற்கண்டுப் போத்தலின் மூடி இறுகியிருந்தது. அதோடு மல்லுக்கட்டினேன். அதற்கு மேல் காதில் விழவில்லை. பிறகு ஏவும் சத்தம்.

முதல் ஷெல் கிணற்றடியில் விழுந்தது. சரசு அக்காவும் மகளும் தங்கள் வீட்டை நோக்கி ஓடியிருந்தார்கள். அவர்களுக்கு வழி கிணற்றடிதான்.

ஏடு தொடக்கினால் முடிக்க வேண்டும். இடையில் நின்றுபோனால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கற்கண்டை முதலிலேயே எடுத்து வைத்திருந்தால் நானும் தட்டின் அருகில் இருந்திருப்பேன். பார்த்திருப்பேன்.

நான்கு மாதம் கழித்து மன்னார்க் கரை. படகில் என் கணவர், நான், பிள்ளை என்று எல்லாமாகப் பதினாறு பேர். அண்ணா வரவில்லை. தன் மாணவர்களை விட்டு வர மாட்டேன் என்றார். எங்கோ ஓர் இயந்திரப் படகின் சத்தம். எங்கள் ஓட்டி திரும்பிக் கத்தினான். "ஒருத்தரும் கதைக்காதையுங்கோ!" பிள்ளையின் வாயை என் கையால் மூடினேன். அந்தச் சத்தம் தேய்ந்து போனது. நான் கையை எடுக்கவில்லை. கரை தெரியும் வரை எடுக்கவில்லை.

2001. இருங்காட்டுக்கோட்டை. மண்டபம் அகதி முகாமிலிருந்து பதிவை மாற்றிக்கொண்டு வந்திருந்தோம். என் கணவர் பெயின்டர். எழுத்தும் எழுதுவார். ஓர் ஒப்பந்தக்காரரிடம் வேலை. வரிசையாக எட்டு அறைகள் கொண்ட வீட்டில் எங்களுக்கு ஓர் அறை. மற்ற அறைகளில் மதுரை, திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள். கார்க் கம்பெனி ஷிப்டுக்குப் போகிறவர்கள். கோடி அறையில் மட்டும் ஒரு மலையாளக் குடும்பம்.

பின்பக்கம் ஒரு தகரம் அடிக்கும் தொழிற்சாலை. தும். ஏழு விநாடி. தும். இங்கே ஏவும் சத்தம் இல்லை. விழும் சத்தம் மட்டும். முதல் வாரத்தில் மூன்று தடவை தரையில் படுத்தேன். மூன்றாவது தடவை வீட்டுக்காரம்மா கன்னியம்மாள் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, தரைல இன்னா தேடற?"

"தோடு விழுந்திட்டுது" என்றேன்.

பாவம், அவரும் குனிந்து தேடினார். என் இரண்டு காதிலும் தோடு இருந்தது.

எங்களிடம் பதிவு இருந்தது. மாதம் ஒருமுறை காவல் நிலையத்தில் கையெழுத்து. ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வீடு தேடியபோது நான் வாய் திறந்ததும் இரண்டு கதவுகள் மூடின. "சிலோனா? வேணாம்மா." மூன்றாவது கதவில் என் கணவர் மட்டும் பேசினார். சினிமாவில் பேசுகிற மாதிரிப் பேசினார். நான் சிரித்தேன். வீடு கிடைத்தது. அன்றிலிருந்து வெளியே நான் சிரிக்க மட்டும் செய்தேன். மகளுக்கும் அதையே பழக்கினேன். பஸ்ஸில், கடையில், காவல் நிலைய வாசலில். கதைக்காதை. கதைக்காதை.

2002 ஜூன். பக்கத்தில் ஒரு புதிய மெட்ரிகுலேஷன் பள்ளி. கட்டடத்துக்குப் பெயின்ட் அடித்தது என் கணவரும் அவரோடு வேலை செய்தவர்களும். வேலை சுத்தம் என்று தாளாளர் தர்சிகாவுக்கு ஒன்றாம் வகுப்பில் ஓர் இடம் தந்தார். எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! நான் ஏ.எல்., இங்கே சொன்னால் பிளஸ் டூ, வரை படித்தவள். விண்ணப்பத்தை நானே நிரப்பப் போனேன். காலை பத்து மணி பத்து நிமிடம். அலுவலகத்தில் ஓர் இளம்பெண்.

"செகண்ட் லாங்வேஜ் தமிழா, ஹிந்தியா?"

"பிள்ளைக்குத் தமிழ்தான் வேணும். வீட்டிலை நாங்கள்..."

அவள் நிமிர்ந்தாள். "மேடம், நீங்க கேரளாவா? பேச்சு அப்படியே இருக்கே!"

எனக்குப் பின்னால் வரிசையில் காக்கி உடுப்பில் ஒருவர். திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணோரத்தில் காக்கி மட்டும் தெரிந்தது. "ஆமாம்" என்றேன்.

ஒரு சொல்தான். அவள் எழுதிவிட்டாள். தாய்மொழி மலையாளம். "அப்ப எதுக்கு மேடம் தமிழ்? பாப்பா கஷ்டப்படும். வெளியூர்ப் பிள்ளைங்க எல்லாம் ஹிந்திதான். போட்டுடறேன். பர்த் சர்டிபிகேட் மெதுவா குடுங்க."

கையெழுத்துப் போட்டேன். போட்டது நான். வேறு யாருமல்ல. காக்கி உடுப்புக்காரர் ஒரு கம்பெனி வாசலில் நிற்கும் காவலாளி என்று பிறகு தெரிந்தது. தன் மகனைச் சேர்க்க வந்தவர். அன்றிலிருந்து கன்னியம்மாள் உட்பட யார் கேட்டாலும் கேரளா என்றேன்.

அன்றிரவு சொன்னதும் என் கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

"ஏனப்பா அப்பிடிச் சொன்னனீர்?"

"பயத்திலை வந்திட்டுது."

"சரி விடும். அடுத்த வருசம் மாத்தலாம்."

அந்த வாரம் அவருக்கு அதே பள்ளியில் நடைக்கூடத்தில் பலகை எழுதும் வேலை. ஆங்கிலத்தில் மட்டும் பேச வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். சிவப்புப் பெயின்ட். எழுதினார். எழுத்து அச்சு மாதிரி இருக்கிறது என்று தலைமையாசிரியை பாராட்டினாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிட்டு நெடுநேரம் கை கழுவினார்.

போர் தின்ற ஊரில் மரத்தடியில் வகுப்பு நடந்தது. கொப்பி இல்லை. மணலில் எழுதினார்கள். ஆனாலும் தமிழ் படித்தார்கள். இங்கே மேசை உண்டு. மின்விசிறி உண்டு. சுற்றிலும் தமிழ்நாடு. காலை பதினொன்று இருபதுக்கு மணி அடிக்கும். தமிழ்ப் பாடவேளை. அப்போது தர்சிகா தன் பையை எடுத்துக்கொண்டு எழுந்து வேறு அறைக்குப் போவாள். தினமும்.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சாட்சியம் பொய். சேர்த்த அன்றே அவளிடம் சொல்லிவைத்தேன். "பள்ளிக்கூடத்திலை தமிழ் எழுதாதை. தெரியாத மாதிரி இரு. பிடிபட்டிடுவம்." படகில் வாயை மூடிய அதே கை. இங்கே விரலை மூடியது.

நல்ல பிள்ளை. கேட்டாள். வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் வாசலைப் பார்ப்பாள். 'அம்மா' என்று எழுதுவாள். உடனே எச்சில் தொட்டு அழிப்பாள். தாள் ஓட்டையாகும்.

"வீட்டிலை எழுதலாம் குஞ்சு. பயமில்லை."

"போலீஸ் வந்தா?"

ஆறு வயது. நான் கொப்பியை மூடினேன். அடுத்த ஞாயிறு பார்ப்போம் என்றேன். எத்தனை அடுத்த ஞாயிறு!

பேச்சும் மாறியது. ஒருநாள் நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தாள். "இன்னாத்துக்கும்மா அழுவுற?" அப்படியே கன்னியம்மாள் குரல். சிரித்துவிட்டேன். அதுவும் தமிழ்தான். நல்ல தமிழ்தான். ஆனால் அதை எழுத அவளுக்குக் கை இல்லை.

போர் நின்றது, சமாதானம் என்றார்கள். ஊரிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. அண்ணா எழுதுவார். நான் வாசித்துக் காட்டுவேன். மகள் தமிழ் படிக்கவில்லை என்று அவருக்கு எழுதவில்லை. அவர் ஆசிரியர். எப்படி எழுதுவேன்? 2004இல் ஒரு கடிதத்தில் கேட்டேன். அண்ணா, அன்று அவளின் விரல் எந்த எழுத்தில் நின்றது? விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்று ஒரு நினைப்பு. மூடநம்பிக்கைதான். இருந்தாலும் கேட்டேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் பதில் வந்தது. பெரிய உறைக்குள் சின்ன உறை. எனக்கு எழுதியது நான்கே வரி. "நீ கேட்டதற்குப் பதில் தர்சியின் கடிதத்தில் இருக்கிறது. நீ வாசிக்காதே. எட்டு வயதுப் பிள்ளை, அவளே வாசிக்கட்டும். எனக்குப் பதில் அவளின் கையெழுத்தில் வேண்டும்."

தர்சிகா உறையைப் பிரித்தாள். நெடுநேரம் பார்த்தாள். உதடு அசைந்தது. ஓர் எழுத்து தெரிகிறது. அடுத்தது தெரியவில்லை.

"வாசிச்சுக் காட்டட்டோ?"

"வேணாம். மாமா என்னத்தான் படிக்கச் சொல்லிக்கிறாரு. நீ பாக்காத." மடித்து ஹிந்திப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

அந்த வாரம் பள்ளிக்குப் போனேன். முதல்முறையாகப் போய்க் கேட்டேன். தமிழுக்கு மாற்றிவிடுங்கள்.

தலைமையாசிரியை பதிவேட்டைத் திருப்பினார். "மதர் டங் மலையாளம்னு இருக்கே. இப்ப மூணாவதுல வந்து தமிழ்னா எப்படிங்க? அப்படி மாத்தணும்னா பர்த் சர்டிபிகேட் கொண்டாங்க. இன்னும் நீங்க குடுக்கவே இல்ல."

சான்றிதழ் என் கைப்பையில் இருந்தது. சிங்களமும் தமிழும் அச்சிட்ட தாள். பிறந்த இடம் முல்லைத்தீவு. கை ஸிப்பில் இருந்தது. திறந்தால் தமிழ் கிடைக்கும். திறந்தால் பொய் சொன்ன அகதி என்றும் ஆகும். அது காவல் நிலையம் வரை போகுமா? போகாதா? பதிவை நீக்குவார்களா? எங்களை எங்கே அனுப்புவார்கள்? யாரிடம் கேட்பது? மணி பதினொன்று இருபது. மணி அடித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மகள் பையோடு எழுந்து போகிறாள்.

"கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பொங்கல் விடுமுறைக்குள் நானே சொல்லிக்கொடுத்து வாசிக்க வைக்கலாம் என்று முடிவு செய்தோம். தினம் இரண்டு எழுத்து. இந்த முறை அவள் அழிக்கவில்லை. பதினொரு நாள் நடந்தது.

டிசம்பர் 26. ஞாயிறு. கன்னியம்மாள் வீட்டு டிவியில் கடல். முதலில் மெரினா. பிறகு நாகப்பட்டினம். என் ஊரை யாரும் காட்டவில்லை. எனக்குத் தெரிந்தது. அண்ணாவின் வீட்டிலிருந்து கடல் முந்நூறு அடி.

பன்னிரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது.

அறையின் கதவைச் சாத்தாமல் அழுதேன். என் ஊர்ப் பேச்சில் அழுதேன். எட்டு அறைக்கும் கேட்டிருக்கும். "ஐயோ என்ரை அண்ணா, பதில் போடேல்லையே!" கன்னியம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அழு. வாய்வுட்டு அழு. நீ மலையாளமும் இல்ல, ஒண்ணுமில்லன்னு எனக்கு என்னிக்கோ தெரியும். கோடி ரூம்ல நெஜ மலையாளத்துக்காரி கீறா. அவளக் கண்டா நீ தலைதெறிக்க ஓடற."

"தெரிஞ்சும் ஏன் வீட்டிலை வச்சிருந்தனீங்கள்?"

"காதுல தோட்ட வச்சிகினு தரைல தேடுறவள வேற எங்க அனுப்பறது?" மூக்கைத் துடைத்துக்கொண்டார். "புள்ளைய கவர்மென்ட் ஸ்கூலுக்கு இட்டுகினு வா. நான் வந்து சொல்றேன். மெர்சலாவாத."

மார்ச்சில் போனோம். அரசுப் பள்ளி ஆசிரியர் நல்லவர். ஆனால் மாற்றுச் சான்றிதழ் வேண்டும் என்றார். அதில் தாய்மொழி மலையாளம் என்றுதான் இருக்கும். அதைத் திருத்த வேண்டுமென்றால் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். வயதுக்கு நாலாம் வகுப்பு. எழுத்துக்கு ஒன்றாம் வகுப்பு. "கொஞ்ச நாள் சின்னப் பிள்ளைங்களோட உக்காரணும். பரவாயில்லையாம்மா?" தர்சிகா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். ஆங்கிலத்தில் அவள் முதல் மாணவி. அதை இழக்கச் செய்யவும் எனக்கு உரிமை உண்டா?

இது 2005 மே. எழுதி வைக்கிறேன். இழந்தவை இவை. சரசு அக்கா. அவருடைய மூத்த மகள். என் அண்ணா. ஒரு வீடு, பிறகு ஓர் ஓலைக் கொட்டில். தமிழ் இருந்திருக்க வேண்டிய மூன்று வகுப்புகள். எழுதாத ஒரு பதில்.

இழக்காதது ஒன்று. ஹிந்திப் புத்தகத்துக்குள் ஒரு கடிதம். என் அண்ணாவின் கடைசி எழுத்து. ஒன்பது வரி என்று தாளின் பின்புறத் தடத்திலிருந்து எண்ணியிருக்கிறேன். வாசிக்கவில்லை. அவள் இன்னும் இரண்டாவது வரியைத் தாண்டவில்லை.

ஜூனில் பள்ளி திறக்கும். சான்றிதழைக் காட்டி என் பொய்யை ஒப்புக்கொள்ளவா? அவளைச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைக்கவா? அல்லது இருக்கிற இடத்தில் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் நம்பவா? அந்தக் கடிதத்தை நானே வாசித்துச் சொல்லிவிடவா? என் கணவர் "உம் விருப்பம்" என்கிறார். என் விருப்பத்தை நான் நம்புவதில்லை. "ஆமாம்" என்று சொன்ன வாய் இது.

இதை வாசிக்கிறவர்கள் சொல்லுங்கள். பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள். பதில் எழுதும்போது எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள். முதலில் அவளிடம்தான் கொடுக்கப் போகிறேன்.