மொதக் கைதட்டு

அட, தப்பேயில்லண்ணே. அந்தாளு இசை எப்ப முடியுதுன்னு அந்தாளுக்கே தெரியாது, நீங்க நடுவுல கை தட்டினதுல என்ன குத்தம்? முன் வரிசையில திரும்பி மொறச்சாங்களே, அவங்களுக்கு மட்டும் தெரியுமாக்கும்! அவங்களும் எனக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தாங்க. ஆமா, எனக்காகத்தான். நான் தட்டினாத்தான் சபை தட்டும். அதான் என் உத்தியோகம். சிரிக்காதீங்கண்ணே, நெசமாத்தான்.

என்னய இந்த வேலைக்குப் போட்டது யாரா? மேடையில கொசு அடிக்கிற மாதிரி குச்சிய ஆட்டினாரே, அவருதான். ஒரு தடவ இதே மாதிரி ஒண்ணு முடிஞ்சுது. முடிஞ்சது யாருக்கும் தெரியல. வாத்தியக்காரங்க அவரப் பாக்க, அவரு விட்டத்தப் பாக்க, சனம் கடியாரத்தப் பாக்க... கடைசில யாரோ தும்மினாங்க. அதையே சாக்கா வச்சு எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. மறுநாளே எனக்கு வேல.

ஆரம்பத்துல மனுசன் நல்லாத்தான் இருந்தாரு. சோப்பு வெளம்பரத்துக்கு மெட்டுப் போட்டுக்கிட்டிருந்தாரு. குளிக்கிறப்ப நீங்களே பாடியிருப்பீங்க. ஆங், அதேதான்! இங்க சத்தமாப் பாடிறாதீங்க, கொல விழும். வெளிநாட்டுல என்னமோ பரிசு குடுத்தாங்க, அன்னியோட மெட்டுக்குப் பாடை கட்டியாச்சு. இப்ப அறுபது பேரு கோட்டுப் போட்டு உக்காந்து, எண்ணெ காணாத கதவு மாதிரி ஒரு கிரீச்சு. அப்புறம் மௌனம். அப்புறம் இன்னொரு கிரீச்சு. பேப்பர்ல எழுதுறான், மௌனத்தின் சிற்பியாம். நானும் மியூசிக் காலேஜ் பரிட்சையில வெத்துத் தாள்தான் குடுத்தேன், என்னய எவன் சிற்பின்னான்? கழுத்தப் புடிச்சு வெளியதான் தள்ளினான்.

இனிமே வர்றதா? அது புதுசு. இன்னிக்குத்தான் மொத மொறையா வாசிக்கிறாங்க. ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி இழுப்பு. போகப் போக இழுப்பு சின்னதாகும், நிறுத்தம் பெருசாகும். ஒத்திகையில கேட்டேன். அதுக்கு முன்னாடியே கேட்டதுதான், ஆஸ்பத்திரில. எங்கம்மாவுக்கு மூச்சு வாங்குது, நான் நர்சக் கூப்பிட வராந்தாவுல ஓடுறேன். திரும்பி வந்து பாத்தா எங்கப்பன் கட்டில் கம்பியில வெரலால தாளம் போட்டுக்கிட்டு நிக்கிறாரு. இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவுல எத்தன தட்டுன்னு.

ஆமாண்ணே, அந்தக் குச்சிக்காரருதான். பின்ன யாரு.

நல்லாத்தான் எழுதியிருக்காரு, பாவி மனுசன். ஒரு மூச்சு விட்டுப் போகல.

எடவேள முடிஞ்சு மணி அடிச்சுட்டான், உக்காருங்க. ஒரே ஒரு ஒத்தாச. ஒரு இழுப்பு முடிஞ்சதும் அவரு வலது தோள் லேசா எறங்கும். அதுக்கப்புறம் ஒண்ணும் வராது, எனக்குத் தெரியும். அப்ப நீங்க தட்டிருங்கண்ணே. எனக்குக் கை வராது.